பிரசங்கம் இல்லாத ஆராதனைக்குப் போயிருக்கிறீர்களா? அனுபவம் சொல்லுங்கள்

தூத்துக்குடியிலிருந்து:

எங்கள் சபையில் லெந்து (தவக்கால) நாட்களில் ஒரு மாலை, பிரசங்கம் இல்லாமல், பாட்டும் படமும் மௌனமும் மட்டும் வைத்து ஓர் ஆராதனை நடத்தலாமா என்று பேச்சு எழுந்திருக்கிறது. இளைஞர்கள் சரி என்கிறார்கள். பெரியவர்களில் பாதிப் பேர் "அது ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) பழக்கம்" என்கிறார்கள், மீதிப் பேர் "அது யோகா" என்கிறார்கள். இப்படிப்பட்ட கூடுகைக்குப் போய் வந்தவர்கள், அங்கே என்ன நடந்தது என்று எழுதுங்கள். இறையியல் விவாதம் வேண்டாம்; அதற்கு எங்கள் கமிட்டியே போதும்.

லியோன், பிரான்சிலிருந்து:

தெய்சே பற்றி யாராவது எழுதத்தான் போகிறீர்கள், நானே தொடங்கிவிடுகிறேன். எனக்கு அது கிட்டத்தில்தான். பூர்கோன் பகுதியில், க்ளூனிக்குப் பக்கத்தில் குன்றின் மேல் ஒரு சின்னக் கிராமம். மாக்கோனில் இறங்கி பஸ் பிடிக்க வேண்டும். 1940இல் ரோஜே என்ற சுவிட்சர்லாந்துக்காரர் அங்கே ஒரு வீட்டை வாங்கி, போர்க்காலத்தில் அகதிகளை, அதில் யூதர்களையும், மறைத்து வைத்தார். அதிலிருந்து வளர்ந்ததுதான் இன்றைய துறவிகள் குழு. கத்தோலிக்கரும் இருக்கிறார்கள், மற்றச் சபைக்காரரும் இருக்கிறார்கள். ரோஜேயின் தகப்பன் ஒரு புரொட்டஸ்தாந்துப் போதகர். உங்கள் கமிட்டிக்கு இதை முதலில் சொல்லுங்கள்.

எங்கள் பங்கின் தமிழ்ப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கோடையில் ஒரு வாரம் போயிருந்தேன். இங்கே பிறந்த பிள்ளைகள். காலைச் சாப்பாடு பாணும் வெண்ணெயும் சின்னச் சொக்லேட் துண்டுகளும், கைப்பிடி இல்லாத கிண்ணத்தில் தேத்தண்ணியும். கறி எப்போது என்று முதல் நாளே கேட்கத் தொடங்கிவிட்டார்கள். எல்லோருக்கும் ஒரு வேலை தருவார்கள். எங்கள் பெடியன்களுக்குக் கழிப்பறை கழுவுகிற வேலை கிடைத்தது; அவர்கள் அம்மாமாருக்கு நான் அதைச் சொல்லவில்லை.

நாளுக்கு மூன்று முறை மணி அடிக்கும். அடித்தால் எல்லாம் நின்றுவிடும், எல்லோரும் ஆலயத்துக்குப் போக வேண்டியதுதான். வாசலிலேயே "அமைதி" என்று எழுதிய அட்டையைப் பிடித்தபடி இளம் பிள்ளைகள் நிற்பார்கள். ஆலயம் 1962இல் கட்டியது. போரின் பாவத்துக்குப் பரிகாரமாக ஜெர்மன் இளைஞர்கள் வந்து கட்டிக்கொடுத்தார்கள். வெளியிலிருந்து பார்த்தால் கொங்கிறீட் கொட்டில்தான், அழகென்று சொல்ல மாட்டேன். உள்ளே வாங்கு வரிசை இல்லை, தரையில்தான் இருக்க வேண்டும். நடுவில் வெள்ளை அங்கியில் சகோதரர்கள். முன்னால் செம்மஞ்சள் துணிகள் மேல்நோக்கி விரிந்திருக்கும், செங்கல்களுக்குள் மெழுகுதிரிகள் எரியும். சுவரில் பாட்டு எண் சிவப்பு எழுத்தில் மாறும். யாரும் எழுந்து அறிவிப்பதில்லை.

பாட்டு இரண்டு வரிதான். அதையே திரும்பத் திரும்பப் பாடுவார்கள். பல நாட்டவரும் புத்தகம் பார்க்காமல் பாட வேண்டும் என்றுதான் அப்படி. பல பாட்டுகளுக்கு மெட்டமைத்தவர் ஜாக் பெர்த்தியே, 1994இல் காலமானார். ஐந்தாவது முறை பாடும்போது எனக்கு எரிச்சல் வந்தது உண்மை. அதற்குப் பிறகு எப்போது எரிச்சல் போனது என்று தெரியவில்லை. வாசகம் முடிந்து ஒரு பாட்டு, அப்புறம் மௌனம். பத்து நிமிடம் வரை போகும். முதலில் இருமல், பிறகு யாரோ தண்ணீர்ப் போத்தலைத் தட்டிவிடுகிற சத்தம், பிறகு அதுவும் இல்லை. பாட்டு முன்னால் இல்லாமல் அந்த மௌனத்தை மட்டும் தந்திருந்தால் எங்கள் பிள்ளைகள் போனைத்தான் எடுத்திருப்பார்கள்.

வெள்ளி இரவு சிலுவைப் படத்தைத் தரையில் கிடத்துவார்கள். விரும்பியவர்கள் முழங்காலில் போய் நெற்றியை அதில் வைத்துச் செபிப்பார்கள். கறி கேட்ட அதே பெடியன் வரிசையில் நள்ளிரவு தாண்டியும் காத்திருந்தான். ஏனென்று நான் கேட்கவில்லை. 2005 ஆகஸ்டில் இதே ஆலயத்தில்தான், மாலைச் செபத்தின் நடுவே, மனநிலை பாதித்த ஒரு பெண் ரோஜேயைக் குத்திக் கொன்றார். அப்போது அவருக்கு வயது 90. அதற்குப் பிறகும் கதவு எல்லோருக்கும் திறந்தேதான் இருக்கிறது.

ஈரோட்டிலிருந்து:

நான் பெந்தெகொஸ்தே. 150ஆம் சங்கீதத்தில் தம்புரும் கைத்தாளமும் இருக்கும்போது வாயை மூடிக்கொண்டு உட்காருவது என்ன ஆராதனை? ஒரு நண்பர் கூப்பிட்டு இப்படி ஒன்றுக்குப் போனேன். மெழுகுவர்த்தி, மங்கலான வெளிச்சம். எனக்குக் கரண்ட் போன வீடு மாதிரிதான் இருந்தது. பக்கத்தில் இருந்தவர் தூங்கிவிட்டார்.

தண்ணீர்ப்பள்ளிப் பக்கத்திலிருந்து:

அண்ணே, "நீங்கள் அமர்ந்திருந்து, நானே தேவனென்று அறிந்துகொள்ளுங்கள்" என்கிற 46ஆம் சங்கீதம் பத்தாம் வசனத்தையும் ஒரு தடவை பாருங்கள். எலியாவுக்குக் கர்த்தர் காற்றிலும் நெருப்பிலும் வரவில்லை, மெல்லிய சத்தத்தில்தான் வந்தார் என்பதும் நமக்குத் தெரிந்ததுதானே. தூங்கியவரை விடுங்கள், பிரசங்கத்தில் தூங்காதவர் யார்?

எனக்குத் தெரிந்தது சாந்திவனம் என்ற கிறிஸ்தவ ஆசிரமம். குளித்தலை பக்கம், காவிரிக் கரை. ஜூல் மோன்சானின், ஹென்றி லெ சோ என்ற இரண்டு பிரெஞ்சுக் குருக்கள் 1950இல் தொடங்கியது. 1968இல் பீட் கிரிஃபித்ஸ் என்ற ஆங்கிலேயத் துறவி வந்த பிறகு வெளிநாட்டுக்காரர்கள் தேடி வரும் இடமாகிவிட்டது. ஆலயத்தைப் பார்த்தால் கோயில் என்றே நினைப்பீர்கள், கோபுரம் உண்டு. வழிபாட்டில் உபநிடதமும் வாசிப்பார்கள், தமிழ்ப் பக்திப் பாடலும் வரும், பைபிளும் வரும். காலையில் சந்தனம், மதியம் குங்குமம், மாலையில் திருநீறு. கடைசியில் கற்பூர ஆரத்தி.

எங்கள் ஊர்க் கத்தோலிக்கரில் இதை ஏற்காதவர்கள் இன்றும் உண்டு. இந்துக்களிலும் "எங்கள் சடங்கை எடுத்து ஆள் பிடிக்கிறார்களா" என்று கேட்டவர்கள் இருந்தார்கள். இரண்டு பக்கத்துக் கேள்வியிலும் எனக்கு நியாயம் தெரிகிறது. ஆனால் விடிகாலையில் ஆற்றங்கரையில் உட்காரும் அந்தத் தியான வேளைக்கு மட்டும் நான் சண்டை போடாமல் போய்விடுவேன். ஒரு விஷயம்: அங்கே உள்ளூர் ஆட்களை விட வெள்ளைக்காரர்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். அது ஏன் என்று யோசிக்க வேண்டியதுதான்.

மதுரையிலிருந்து:

ஏன் என்று நான் சொல்கிறேன். மெழுகுவர்த்தியும் மௌனமும் படித்தவர்களுக்குப் பிடிக்கும் தியானம். சேரியில் பகலெல்லாம் வாயை மூடிக்கொண்டு வேலை செய்தவனுக்குக் கோயிலில் வந்து இன்னும் மௌனமா?

அரசரடி இறையியல் கல்லூரியில் நான் படித்தபோது தியாஃபிலஸ் அப்பாவு அங்கே ஆசிரியர். பரட்டை என்றால் எல்லோருக்கும் தெரியும். 2005இல் இறந்தார். அவர் அமைத்த வழிபாட்டில் கர்நாடக ராகமும் இல்லை, ஆங்கிலக் கீதமும் இல்லை, கிராமத்து மெட்டுதான். கடவுளைக் கூப்பிடுவது "பெத்தவரே" என்று. ஒரே உலையில் சமைத்து எல்லோரும் உண்பதுதான் திருவிருந்தின் பொருள் என்பார். சாதி பார்த்துத் தண்ணீர் குடிக்கிற ஊரில் அதைச் சொல்வது சும்மா இல்லை. நாங்கள் பறை அடித்து, ஆடி, வியர்த்துப்போய் நின்றபோது ஒரு அமைதி வரும். அது யாரும் அறிவித்து வந்தது இல்லை. புதுமையான ஆராதனை என்றால் எனக்கு அதுதான்.

திண்டுக்கல்லிலிருந்து:

நான் கன்னியாஸ்திரி. தியான இல்லம் ஒன்றில் படம் வரைந்து செபிப்பதை நடத்தியிருக்கிறேன். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஒரு நற்செய்திப் பகுதியை மெதுவாக இரண்டு தடவை வாசிப்போம். பிறகு களிமண்ணோ அடுப்புக்கரியோ கையில் கொடுப்போம். "எனக்கு வரைய வராது" என்பவர்களுக்குக் களிமண்தான் நல்லது. முதியோர் இல்லத்திலிருந்து வந்த பாட்டி ஒருவர் இயேசுவைச் செய்யவில்லை. வட்டமாக ஒரு கிணற்றுச் சுவர் செய்து, பக்கத்தில் ஒரு குடத்தை வைத்தார். குடத்தின் வாயை மட்டும் கட்டைவிரலால் திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டே இருந்தார், மணி அடித்த பிறகும். யாரையும் விளக்கம் சொல்லச் சொல்லக் கூடாது. செய்தவற்றைச் சுவரோரம் வைத்துவிட்டு ஒரு பாட்டுப் பாடினால் போதும்.

நடத்துகிறவர்களுக்கு: முதல் தடவை மௌனம் இரண்டு மூன்று நிமிடம் போதும். எவ்வளவு நேரம் என்று முன்பே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் மறந்துபோய்விட்டார்கள் என்று நினைத்து யாராவது பாட ஆரம்பித்துவிடுவார்கள். மைக்கை அணைத்துவிடுங்கள். மௌனத்துக்கு அடியில் கீபோர்டு வாசிக்கவே கூடாது. வாசிக்கிற தம்பிக்கு அதுதான் கஷ்டம்.

தூத்துக்குடியிலிருந்து:

எல்லோருக்கும் நன்றி. மதுரைக்காரர் சொன்னது தைத்தது, மெட்டு ஒன்று கிராமத்து மெட்டாக இருக்கட்டும் என்று பேசியிருக்கிறேன். எங்கள் போதகர் ஐயரும் ஒத்துக்கொண்டார்: ஒரு புதன் மாலை, ஒரு மணி நேரம், மௌனம் மூன்று நிமிடம். சிலுவை படம் மட்டும், வேறு படம் வேண்டாம் என்பது அவர் நிபந்தனை. பிரசங்கம் இல்லாத கூட்டத்தில் காணிக்கைப் பை எடுக்கலாமா என்பதில்தான் கமிட்டி இன்னும் நிற்கிறது. அதை உங்கள் இடங்களில் எப்படிச் செய்கிறீர்கள்?