கிதார் வாயைச் சுற்றிய அணிவளையம்: "வாய்ப்பூண்" எனலாமா?

காட்பாடியிலிருந்து:

குழும அன்பர்களுக்கு வணக்கம். கையால் கிதார் செய்யக் கற்றுவருகிறேன். செய்முறையைத் தமிழில் எழுதிவைக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. தலை, கழுத்து, மேற்பலகை, பாலம் என்று பாதித் தூரம் தட்டில்லாமல் வந்துவிட்டேன். மேற்பலகையில் உள்ள வட்டத் துளையைச் சுற்றி ஒரு வளையம் பதிப்பார்கள். ஆங்கிலத்தில் ரோசெட். அங்கேதான் நிற்கிறேன். "ரோசாப்பூ அணி" என்று எழுதிப் பார்த்தேன், பொருந்தவில்லை. நான் வரைந்து வைத்திருப்பது வேலூர்க் கோட்டை ஜலகண்டேசுவரர் கோயில் கல்யாண மண்டபத்து விதானக் கிளிகளை. கிளிகளுக்கு ரோசாப்பூ என்று எப்படிப் பெயர் வைப்பது? பலகையின் ஓரத்தில் ஒட்டும் பட்டை, அதற்கு உட்புறமாக ஓடும் மெல்லிய கோடு ஆகியவற்றுக்கும் பெயர் வேண்டும். உதவுங்கள்.

ஆரணியிலிருந்து:

தம்பி, "வட்டப்பூ" என்று வைத்துவிடுங்கள். சின்னச் சொல், எல்லாருக்கும் புரியும். ஓரப் பட்டைக்குக் "கரை" என்பதே போதும். தறிக்காரர் வீட்டில் பிறந்த எனக்கு வேறு சொல் தோன்றவில்லை.

வேலப்பாடியிலிருந்து:

ஆரணி நண்பர் சொன்ன "கரை"யை இரண்டு கையாலும் ஏற்கிறேன். பட்டைக்குக் கரை, அதை ஒட்டி உள்ளே ஓடும் கோட்டுக்குக் கரையிழை. இவை இரண்டும் அகராதி இல்லாமலே விளங்கும்.

"வட்டப்பூ"வை ஏற்க முடியவில்லை. ஐரோப்பியர் ஒரே ரோசாப் பெயரை வெவ்வேறு வேலைகளுக்கு வைத்தார்கள், நாமும் பூ என்று வைத்தால் அதே குழப்பம் நம்மிடமும் வந்துவிடும். லூட் என்னும் பழைய நரம்புக் கருவியில் துளை வெறுமனே திறந்திருக்காது. மேற்பலகையின் மரத்தையே சிறு கத்தியால் குடைந்து, கொடி பின்னியதுபோல வலைப்பின்னல் செய்வார்கள். அந்தப் பின்னலின் பெயர் ரோசா. 17ஆம் நூற்றாண்டுக் கிதார்களில் அதே இடத்தில் தோல்தாளை வெட்டி, அடுக்கடுக்காக ஒட்டி, துளைக்குள் கிண்ணம்போல் இறங்கும் வேலை வந்தது. அதுவும் ரோசாதான். பிறகு 18ஆம் நூற்றாண்டு முடிந்து 19 பிறக்கும் காலத்தில் துளைக்குள்ளிருந்த பின்னல் நீங்கிற்று. வாய் திறந்துகொண்டது. விளிம்பைச் சுற்றிய வளையம் மட்டும் நின்றது. இன்று ரோசெட் என்பது அந்த வளையத்தைத்தான். துளையை நிறைப்பது ஒரு வேலை, துளையைச் சூழ்வது இன்னொரு வேலை. செய்யும் கருவியும் வேறு, செய்பவர் கையில் இருக்க வேண்டிய பழக்கமும் வேறு. இரண்டுக்கும் தனித்தனிச் சொல் வேண்டும்.

துளையிலிருந்தே தொடங்குகிறேன். பொருநராற்றுப்படை யாழின் உறுப்புகளை ஒவ்வொன்றாகச் சொல்லிவரும்போது "வறுவாய்" என்று ஓர் உறுப்பைச் சொல்கிறது. எட்டாம் நாள் பிறையின் வடிவம், உள்நாக்கு இல்லாத வாய் என்பது அங்கே வரும் வருணனை. அது கிதார்த் துளைபோலவே இருந்தது என்று நான் வாதாடவில்லை. இசைக்கருவியின் திறப்பை வாய் என்று சொன்ன வழக்கு நம்மிடம் ஈராயிரம் ஆண்டு பழமையானது, அது போதும். ஸ்பானியரும் கிதார்த் துளையைப் "போகா" என்பார்கள், வாய் என்றே பொருள். "வறு" என்ற முன்னொட்டை மட்டும் விட்டுவிடலாம் என்று நினைக்கிறேன். இன்று படிப்பவருக்கு வறுகடலைதான் நினைவுக்கு வரும். வெறும் "வாய்" போதும்.

இனி வளையம். அது எப்படிச் செய்யப்படுகிறது என்று பார்த்தால் பெயரும் அங்கேயே கிடைக்கிறது. ஸ்பானியப் பட்டறை முறையில், சாயமேற்றிய மெல்லிய மரப்பட்டைகளைக் குறிப்பிட்ட வரிசையில் அடுக்கி ஒட்டிக் கட்டையாக்குவார்கள். அதைக் குறுக்கே அறுத்தால் ஒவ்வொரு வில்லையிலும் ஒரே படம் இருக்கும். நம் கோலப் புள்ளிபோல் சிறு சதுரங்களாலான படம். அந்த வில்லைகளை வட்டமாக அடுக்கி, இருபுறமும் வரிக்கோடு கட்டி, மேற்பலகையில் வெட்டிய வாய்க்காலில் பதிப்பார்கள். எஃகுக் கம்பிக் கிதாரின் மேற்பலகை ஏறத்தாழ 3 மி.மீ. தடிப்பு, வாய்க்காலின் ஆழம் அதில் பாதி. துளை கிட்டத்தட்ட 100 மி.மீ. விட்டம், நைலான் நரம்புக் கிதாரில் அதைவிடக் குறைவு.

இந்த வளையம் அழகுக்கு மட்டும் அன்று. ஸ்ப்ரூஸ் மரப் பலகையில் நாரோட்டம் தலையிலிருந்து அடிவரை நேராக ஓடுகிறது. நடுவில் துளை போட்டதும் அத்தனை நார்களும் அங்கே அறுபட்டு முனை காட்டுகின்றன. எஃகுக் கம்பிகளின் மொத்த இழுவிசை ஏறத்தாழ 70 கிலோ. ஈரம் ஏறி இறங்கும்போது வெடிப்பு தொடங்க இதைவிட வசதியான இடம் பலகையில் இல்லை. அந்த விளிம்பை வேறு திசை நார் கொண்ட மரத்தால் வளைத்துக் கட்டுகிறது இந்த வளையம். அழகும் செய்கிறது, பிளக்காமலும் பார்த்துக்கொள்கிறது.

இந்த இரட்டை வேலைக்கு நம்மிடம் நெடுங்காலமாக ஒரு சொல் இருக்கிறது: பூண். உலக்கையின் முனை பிளக்காமல் இருக்கப் போடும் வளையம் பூண். தச்சரின் உளிப்பிடியில், கொட்டாப்புளி அடித்து அடித்துப் பிடி விண்டுபோகாமல் இறுக்கியிருக்கும் வளையமும் பூண். பழைய பாடல்களிலோ பூண் என்றால் நகை, மார்பில் அணிவது. காப்பும் அணியும் ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன. ஆகவே என் பரிந்துரை: வாய்ப்பூண்.

துளைக்குள் நிறையும் பின்னலுக்கு "வாய்ச்சாளரம்" என்கிறேன். கோயில் சுவர்களில் கல்லைக் குடைந்து காற்றும் ஒளியும் வர வைத்த சாளரங்களைப் பார்த்தவர்களுக்கு உடனே பிடிபடும். பூ என்ற சொல்லை உண்மையாகவே பூ பொறித்த இடத்துக்கு விட்டுவைக்கலாம்.

பதிக்கும் வேலைக்கு என்ன சொல்வது? "மணி இழைத்த", "பொன் இழைத்த" என்று சொல்லும் வழக்கால் எனக்கு "இழைப்பு" மேல் ஆசை உண்டு. ஆனால் பட்டறையில் இழைப்பது என்றால் இழைப்புளியால் சீவுவது. ஒரே பக்கத்தில் பலகையை இழைத்து, பிறகு சிப்பியை இழைக்கச் சொன்னால் படிப்பவர் பலகையைக் கெடுத்துவிடுவார். "குயிற்றல்" என்பது அருமையான பழஞ்சொல், கவிதையில் வாழட்டும். "பதித்தல்", "பதிவேலை" இவையே சரி.

தம்பியின் கிளிகளுக்கு வருகிறேன். அந்த விதானத்தை அண்ணாந்து பார்த்தவர் மறக்கமாட்டார். நடுவில் கவிழ்ந்த தாமரை, அதைச் சூழக் கிளிகள் தலைகீழாகத் தொங்கி, நகங்களால் இதழைப் பற்றிக்கொண்டு மையத்தைக் கொத்துகின்றன. வாயைச் சுற்றிய வளையத்துக்கு வட ஆர்க்காட்டில் இதைவிடப் பொருத்தமான மாதிரி எனக்குத் தெரியவில்லை. மையம் நோக்கிய தலைகள், வெளிநோக்கி விரியும் வால்கள்: வட்டத்துக்கென்றே பிறந்த அமைப்பு. ஆனால் கல்தச்சர் புடைப்பாகச் செதுக்கினார், உங்களுக்குக் கிடைப்பது ஒன்றரை மி.மீ. ஆழமுள்ள தட்டையான வாய்க்கால். புடைப்பைத் தேடாதீர்கள். கிளியின் வெளிக்கோட்டை மட்டும் எடுத்து, உடலுக்கு ஒரு மரம், சிறகுக்கு ஒரு மரம், கண்ணுக்குச் சிப்பி என்று நிறத்தால் பிரியுங்கள். கருமைக்கு ஈட்டி மரம் நம் மலைகளிலேயே விளைவது. அமெரிக்காவின் மார்ட்டின் கிதார் நிறுவனமே 1969இல் பிரேசில் ஈட்டியை விட்டு இந்திய ஈட்டிக்கு மாறிற்று. மரம் இங்கிருந்து போய்க்கொண்டே இருக்கிறது, உருவமும் இங்கிருந்தே பிறக்கட்டும் என்பது என் விருப்பம்.

மேற்பலகையில் உளி வைத்துச் செதுக்கும் எண்ணம் இருந்தால், தயவுசெய்து ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள். பலகையின் விறைப்பு தடிப்பின் மும்மடிக்கு ஏற்ப மாறும். 3 மி.மீ. பலகையை எங்கும் 2 மி.மீ. ஆக்கினால் விறைப்பு 27இல் 8 பங்காகிவிடும், அதாவது மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே. குரல் பிறப்பது அந்தப் பலகையில்தான். ஸ்பானியக் கிதார்த் தச்சர் அந்தோனியோ தெ டோரஸ் 1862இல் முதுகையும் பக்கங்களையும் காகிதக்கூழ் அட்டையால் செய்து ஒரு கிதாரைக் கட்டினார், மேற்பலகை நன்றாக இருந்தால் ஒலி நிற்கும் என்று காட்டுவதற்காக. அது இன்றும் பார்சிலோனா இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வாய்க்காலில் பதிப்பது வேறு: எடுத்த மரத்துக்குப் பதிலாக இன்னொரு மரம் பசையோடு வந்து உட்காருகிறது. மேலும் வாய்ப் பக்கத்தைவிடப் பாலம் இருக்கும் அகன்ற கீழ்ப்பகுதியே அதிகம் அதிர்கிறது. அதனால்தான் அலங்காரம் வாயருகே குடியேறிற்று.

உளிக்கு இடமே இல்லையா என்றால், இருக்கிறது. தலை, கழுத்து உடலோடு சேரும் குதிப்பகுதி, பாலத்தின் இரு முனைகள். தஞ்சாவூர் வீணைக்காரர்கள் யாளியைத் தண்டியின் (வீணைக் கழுத்தின்) கோடியில்தான் வைத்தார்கள், மேற்பலகையில் நுண்துளை வட்டங்களோடு நிறுத்திக்கொண்டார்கள். கல்யாண மண்டபத் தூண்களில் முன்கால் தூக்கி எழும் யாளி வரிசையே இருக்கிறது. கிதார்த் தலைக்கு அதிலிருந்து ஒன்று போதும், ஆறு கம்பி முறுக்கும் சாவிகளுக்கு இடம் விட்டு.

குடியாத்தத்திலிருந்து:

ஐயா, மரவேலைதான் எனக்குத் தொழில், மூன்று சொல்கிறேன். ஒன்று, "வாய்ப்பூண்" என்றால் காதில் "வாய்ப்பூட்டு" விழுகிறது. பாடுகிற கருவிக்கு அந்த நினைவு வரலாமா? இரண்டு, வளையம் பாதி ஆழம்தான் போகிறது. உண்மையான தாங்கல் உட்புறத்தில் ஒட்டுகிற ஒட்டுப்பலகைதான். பூண் என்று சொல்ல அதற்கல்லவா உரிமை? மூன்று, கரையும் கரையிழையும் எழுத்தில் அழகு. பட்டறையில் பீடிங் என்று சொன்னால்தான் பையன் எடுத்துத் தருவான். எங்கள் பக்கம் கூத்துக்காரர்களுக்குக் கல்யாண முருங்கைக் கட்டையில் புஜக்கட்டையும் மார்ப்பதக்கமும் செய்து கண்ணாடித் துண்டு பதிப்பார்கள். அந்தப் "பதக்கம்" என்ற சொல்லையே ஏன் எடுக்கக்கூடாது?

வேலப்பாடியிலிருந்து:

அண்ணே, உங்கள் மடலுக்காகத்தான் காத்திருந்தேன்.

கடைசியை முதலில் சொல்கிறேன். பதக்கம் நடுவும் நிறைந்த வில்லை. நம் வளையத்தின் நடுவில் ஒன்றும் இருக்கக்கூடாது, இருந்தால் காற்று வெளியேறாது. ஆனால் கிதார்த் தலையின் முகத்தில் பதிக்கும் சித்திர வில்லைக்கு இதுவரை நம்மிடம் பெயர் இல்லை. அதற்குத் "தலைப்பதக்கம்" என்று வைத்தால் கூத்துக்காரர் சொல்லும் அந்தக் கண்ணாடிப் பதிப்பும் கிதாருக்குள் வந்துவிடும். இதை முழு மனத்தோடு எடுத்துக்கொள்கிறேன்.

பீடிங்: கலைச்சொல் பட்டியலில் "கரை (பட்டறை வழக்கு: பீடிங்)" என்று இரண்டையும் போடுவோம். பையன் எடுத்துத் தரும் சொல்லை ஒதுக்கிவிட்டுச் செய்முறை எழுதினால் யாருக்காக எழுதுகிறோம்?

தாங்கல் பற்றி நீங்கள் சொன்னது சரி. உட்புற ஒட்டுப்பலகைதான் பெரிய சுமையைத் தாங்குகிறது. அதற்கு "அடிப்பூண்" என்று பெயர் வைத்தால் என்ன? வெளியே தெரிவது வாய்ப்பூண், உள்ளே மறைவது அடிப்பூண். இரண்டும் ஒரே துளையின் இரு முகங்களைக் கட்டுகின்றன என்பதும் பெயரிலேயே வந்துவிடுகிறது. உங்கள் ஆட்சேபம் இல்லாவிட்டால் எனக்கு இது தோன்றியிருக்காது.

வாய்ப்பூட்டு நினைவு வருவது உண்மை, மறுக்கவில்லை. "துளைப்பூண்" என்று மாற்றலாமா என்று யோசித்தேன். ஆனால் கிதாரில் துளைகள் பல: பாலத்தில் கம்பி நுழையும் துளை, தலையில் சாவிக்கான துளை. வாய் ஒன்றுதான். பேச்சில் எப்படியும் "பூண்" என்றே சுருங்கும். "பூணைப் பதித்துவிட்டுப் பலகையை இழை" என்றால் அங்கே பூட்டுக்கு வேலையில்லை.

காட்பாடியிலிருந்து:

ஐயா, அண்ணா, இருவருக்கும் நன்றி. வாய், வாய்ப்பூண், அடிப்பூண், வாய்ச்சாளரம், கரை, கரையிழை, தலைப்பதக்கம், பதிவேலை என்றே என் குறிப்பேட்டில் மாற்றிவிட்டேன். கிளிகளைத் தட்டையாகவே பதிக்கிறேன், யாளியைத் தலைக்குக் கொண்டுபோகிறேன். அடுத்த முட்டுக்கட்டை மேற்பலகையின் உட்புறச் சட்டங்கள். டோரஸ் முறையில் விசிறிபோல் விரிகின்றன. மார்ட்டின் பட்டறையில் 1840களில் வந்த முறையில் பெருக்கல் குறிபோல் குறுக்கிடுகின்றன. இரண்டையும் "சட்டம்" என்றே எழுதினால் கதவு நிலைச் சட்டத்தோடு குழம்புகிறது. "விலா" சரியாக இருக்குமா? தனி இழையில் கேட்கிறேன்.