லேத் வேலையை விட்டுவிட்டுச் சாவிக் கடை போடலாமா?

சிங்காநல்லூர் தம்பி:
வயது 27. கோவையில் ஒரு லேத் பட்டறையில் ஆறு வருடமாக வேலை, மாதம் 19,000 ரூபாய். இரண்டரை லட்சம் சேர்த்து வைத்திருக்கிறேன். வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாகச் சாவிக் கடை போட ஆசை. கீ கட்டிங் மெஷின், பல் வெட்டாத பிளாங்க் சாவிகள், கார் சாவியின் சிப்பை வண்டியில் பதிய ஒரு புரோக்ராமர் மெஷின், கடை அட்வான்ஸ் என்று கணக்குப் போட்டால் கைக்காசு சரியாக வருகிறது. வீட்டில் வேண்டாம் என்கிறார்கள். தொழிலில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

அரம் பிடித்த கை:
தம்பி, பொள்ளாச்சியில் 22 வருடமாகச் சாவி போடுகிறேன். நீங்கள் காசுக் கணக்கு மட்டும்தான் போட்டிருக்கிறீர்கள். மாதிரிச் சாவி இருந்தால் மெஷின் அப்படியே வெட்டித் தரும். சாவியே இல்லாமல் பூட்டோடு வந்து நிற்பவருக்கு? பிளாங்கை விளக்குக் கரியில் காட்டி, பூட்டுக்குள் விட்டுத் திருப்பி, கரி அழிந்த இடத்தில் அரத்தால் ராவ வேண்டும். மறுபடி கரி, மறுபடி அரம். எது பூட்டுக்குள் இருக்கும் லீவர் தகடு பட்ட தடம், எது சும்மா உரசிய தடம் என்று பிடிபட எனக்கு இரண்டு வருடம் ஆனது. அதுவரை மாமா கடையில் சாப்பாடும் டீக்காசும்தான் சம்பளம். அந்த இரண்டு வருடத்துக்கு உங்கள் கணக்கில் இடம் இல்லை.

திருப்பூர் கீ பாயிண்ட்:
அண்ணே, மன்னிக்கவும், இதை ஒத்துக்கொள்ள முடியவில்லை. வாடகை கட்டுகிற பையன் எப்படி இரண்டு வருடம் சம்பளம் இல்லாமல் உட்காருவான்? நான் 2019-ல் ஆரம்பித்தேன், குரு யாரும் கிடையாது. பழைய இரும்புக் கடையில் பூட்டுகளைக் கிலோ கணக்கில் வாங்கிக் கழற்றிக் கற்றேன். வருமானமும் இப்போது வீட்டுச் சாவியில் இல்லை, கார் சாவியில்தான். சாவிக்குள் இருக்கும் சிப் வண்டியின் திருட்டுத் தடுப்பு அமைப்பான இம்மொபிலைசரில் பதிவாகவில்லை என்றால், எவ்வளவு அழகாக வெட்டினாலும் இன்ஜின் ஓடாது. அங்கே அரத்துக்கு வேலையே இல்லை. தம்பி, தைரியமாக இறங்குங்கள்.

அரம் பிடித்த கை:
இறங்கச் சொல்கிறீர்கள், சரி. அந்தப் புரோக்ராமர் உங்களுக்கு என்ன விலை ஆனது, அதில் எவ்வளவு நஷ்டப்பட்டீர்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

திருப்பூர் கீ பாயிண்ட்:
சொல்கிறேன், மறைக்க ஒன்றுமில்லை. மெஷின் 85,000. அப்டேட்டுக்குத் தனியாக வருடாவருடம் கட்ட வேண்டும். முதல் வருடத்திலேயே ஒரு வாடிக்கையாளர் காரில் பாதி வேலை நடக்கும்போது பேட்டரி இறங்கி, வண்டியின் கம்ப்யூட்டரான கன்ட்ரோல் யூனிட் செத்துப்போனது. 32,000 ரூபாய் கையிலிருந்து கொடுத்தேன். மனைவியின் வளையல் அடகுக்குப் போனது. அப்புறம் மீட்டுவிட்டேன். அதனால்தான் கடன் வாங்கி இறங்காதீர்கள் என்கிறேன். இறங்கவே வேண்டாம் என்று சொல்லவில்லை.

சிங்காநல்லூர் தம்பி:
அரசுக் கடன் ஏதாவது கிடைக்குமா?

வரவு செலவு:
மத்திய அரசின் விஸ்வகர்மா திட்டத்தில் உள்ள 18 தொழில்களில் பூட்டு வேலையும் ஒன்று. கருவிக்கு 15,000, முதல் கடன் ஒரு லட்சம், வட்டி 5 சதவீதம். ஆனால் அதை இப்போதைய வடிவில் செயல்படுத்த மாட்டோம் என்று 2024 நவம்பரில் தமிழக அரசு சொல்லிவிட்டது. மாநில அரசு கொண்டுவந்த கலைஞர் கைவினைத் திட்டத்துக்கு 35 வயது ஆகியிருக்க வேண்டும். இரண்டையும் நம்பி வேலையை விட வேண்டாம்.

திண்டுக்கல் மருமகள்:
ஆண்கள் எல்லாரும் மெஷின் விலையே பேசுகிறீர்கள். என் மாமனார் மாங்காய்ப் பூட்டு என்ற திண்டுக்கல் பூட்டைச் செய்தவர். அலிகாரிலிருந்து மெஷினில் செய்த மலிவுப் பூட்டுகள் வந்து குவிந்த பிறகு பட்டறையை மூடினார். 2019-ல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்த செய்தியைப் பேப்பரில் பார்த்து வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். அந்தப் பட்டறைச் சாமான்களை வைத்துத்தான் என் வீட்டுக்காரர் சாவிக் கடை போட்டார்.

மகளுக்குக் காது குத்தும் நேரத்தில் போன் வந்தது. ஒரு வீட்டுக்குள் இரண்டு வயதுக் குழந்தை மாட்டிக்கொண்டது, அடுப்பு எரிகிறது. போகாதீர்கள் என்று எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. அவர் திரும்பி வருவதற்குள் காது குத்து முடிந்திருந்தது. எந்தப் போட்டோவிலும் அவர் கிடையாது.

இன்னொன்று. எங்கள் தெருவில் ஒரு திருட்டு நடந்தது. சாவி போடுகிறவர் என்பதற்காகவே அவரை அரை நாள் ஸ்டேஷனில் உட்கார வைத்தார்கள். அவர் மேல் ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள், ஆனால் நான்கு நாள் கடைக்கு ஒருவரும் வரவில்லை. அன்றிலிருந்து ஆதார் பார்த்து, நோட்டில் கையெழுத்து வாங்காமல் எந்தக் கதவையும் தொடுவதில்லை. சோப்பில் அச்சு எடுத்து வந்தால் எவ்வளவு கொடுத்தாலும் செய்வதில்லை. தம்பி, உங்கள் வீட்டில் வேண்டாம் என்று சொல்வது இதற்காகவும் இருக்கலாம். கேட்டுப் பாருங்கள்.

திருப்பூர் கீ பாயிண்ட்:
அக்கா சொல்வது நூற்றுக்கு நூறு உண்மை. நோட்டு விஷயத்தில் நானும் அப்படித்தான். ஆனாலும் சம்பளமில்லாத இரண்டு வருடத்தை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். லேத்தில் ஆறு வருடம் இருந்த கைக்கு ஆறு மாதம் போதும்.

சிங்காநல்லூர் தம்பி:
அம்மாவிடம் இப்போதுதான் கேட்டேன். போலீஸ் பயம்தானாம். இத்தனை நாள் பணத்துக்காகத்தான் வேண்டாம் என்கிறார் என்று நினைத்திருந்தேன். இப்போதைக்கு வேலையை விடவில்லை. அண்ணே, ஞாயிற்றுக்கிழமைகளில் உங்கள் கடைக்கு வரலாமா?

அரம் பிடித்த கை:
வாங்க. ஏழு மணிக்கு முன்னால் வந்தால் தொந்தரவு இருக்காது. சாவி தொலைந்த ஏழு லீவர் பூட்டு ஒன்று என்னிடம் கிடக்கிறது. பிளாங்க் நான் தருகிறேன், அரம் மட்டும் சொந்தமாக வாங்கிக்கொண்டு வாருங்கள். அம்மாவுக்கு விருப்பம் இருந்தால் அவரையும் ஒரு நாள் அழைத்து வாருங்கள். கடையையும் என் நோட்டையும் அவர் பார்க்கட்டும்.