அட்டையில் நிற்கும் யானை நடுங்குகிறது, வழி சொல்லுங்கள்

நண்பர்களுக்கு வணக்கம். பெங்களூர் அல்சூரில் ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறேன். இங்கேயே பிறந்தவர்கள், தமிழில் மணிக்கணக்காகப் பேசுவார்கள், படிக்கச் சொன்னால் விழிப்பார்கள். அதனால் எழுத்து அட்டைகளில் க்யூஆர் குறியீடு அச்சிட்டேன். செல்போனைக் காட்டினால் 'யா' மேல் முப்பரிமாண யானை எழுந்து நிற்க வேண்டும். நிற்கிறது, குளிர் காய்ச்சல் கண்டதுபோல் நடுங்கிக்கொண்டு.

செயலி இறக்கச் சொன்னால் பெற்றோர் சலித்துக்கொள்வார்கள் என்று பிரௌசரிலேயே ஓடும் ஏஆர்.ஜேஎஸ் என்ற நிரல் தொகுப்பை எடுத்தேன்; கேமராவில் தெரியும் காட்சிமேல் உருவத்தை நிறுத்துவது அதுதான். யானை எங்கே நிற்பது என்று கேமரா தடம்பிடிக்கும் குறியாகவும் க்யூஆர் படத்தையே கொடுத்தேன். கிழிந்தாலும் படிக்கட்டும் என்று பிழைதிருத்தத்தை உச்ச நிலையில் வைத்தேன். ஏறக்குறைய 30 சதவீதம் கெட்டாலும் மீட்டுவிடும். ஆனால் அதனால் க்யூஆரின் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் பொடிப்பொடியாகிவிட்டன. மூலையிலுள்ள மூன்று பெரிய சதுரங்களில் ஒன்றைக் குட்டி விரல் மறைத்தால் குறியீட்டைப் படிக்கவே மறுக்கிறது. லேமினேஷனில் டியூப்லைட் பளபளப்பது என் முட்டாள்தனம். அடுத்த முறை மங்கலான தாள்தான்.

என் கேள்வி இது. க்யூஆரை இணைப்பைத் திறக்க மட்டும் வைத்துக்கொண்டு, யானை நிற்பதற்குக் கறுப்புச் சட்டமிட்ட தனிக் குறியை அருகில் அச்சிடலாமா? க்யூஆரைச் சுற்றி 4 கட்ட அகலம் வெள்ளை வேண்டும், சரி. கறுப்புச் சட்டத்துக்கு வெளியே எவ்வளவு விடுவது? மேசைக்கு ஓரடி உயரத்தில் போனைப் பிடித்தால் 5 சென்டிமீட்டர் குறி போதுமா? ஐபோனில் செய்துபார்த்தவர்கள் கட்டாயம் சொல்லுங்கள்.

வியாழனன்று 40 அட்டைகளை அச்சகத்தில் கொடுக்க வேண்டும்.