டக்ளஸ் தன்வரலாறு: மூன்றில் எதைப் படிப்பது?

கேள்வி (ரோஸ்ஹில், மொரிஷியஸ்):
பிப்ரவரி 1, அடிமை ஒழிப்பு நாளுக்கு வாசிப்புக் குழுவில், அமெரிக்காவில் அடிமையாகப் பிறந்து தப்பிய பிரெடரிக் டக்ளஸை எடுக்கிறோம். 1845, 1855, 1881 என மூன்று நூல்கள். எது நல்லது? 1845 நூலில் அவர் தப்பித்த விவரமே இல்லையே, பக்கம் விடுபட்ட பதிப்பா?

பதில்:
விடுபடவில்லை, வேண்டுமென்றே மறைத்தார். வழியைச் சொன்னால் உதவியவர்கள் மாட்டிக்கொள்வார்கள். பின்னால் தப்ப நினைப்பவர்களுக்கும் வழி அடைபடும். நூலாக 1881இல்தான் உடைத்துச் சொல்கிறார்: 1838 செப்டம்பர் 3, மாலுமி உடை, சுதந்திர மனிதன் என்று காட்ட இரவல் வாங்கிய மாலுமிச் சான்றிதழ், பால்டிமோரிலிருந்து ரயில். சான்றிதழின் அங்க அடையாளம் அவருக்குப் பொருந்தாது. கண்டக்டர் உற்றுப் பார்த்திருந்தால் அவ்வளவுதான்.

பதில்:
குழுவுக்கு 1845 போதும். பதினோரு அத்தியாயம், ஒரு பின்னிணைப்பு. பத்தாவது மிக நீளம், அடிமைகளை அடித்துப் பணியவைப்பதில் பேர்போன கோவியுடன் நடக்கும் சண்டை அதில்தான். இரண்டு அமர்வாகப் பிரியுங்கள். பின்னிணைப்பைத் தாண்டிப் போகாதீர்கள்: அவர் சாடுவது அடிமை முதலாளிகளின் மதத்தை, கிறிஸ்தவத்தை அல்ல. அது தெரியாமல் பேசினால் விவாதம் வேறெங்கோ போய்விடும். பாட்டி, அம்மா பற்றி விரிவாக வேண்டுமானால் 1855.

பதில்:
ஒன்று மட்டும். நம் முன்னோர் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக வந்த வரலாற்றையும் இதையும் ஒன்றாகக் குழப்ப வேண்டாம். ஒப்பிட வேறு இடம் இருக்கிறது: 1846இல் இங்கிலாந்து நண்பர்கள் 150 பவுன் திரட்டி டக்ளஸின் விடுதலையை வாங்கினார்கள், பணம் போனது உடைமையாளருக்கு. மொரிஷியஸில் 1835இல் அடிமை முறை ஒழிந்த பிறகு வந்த இழப்பீடும் முதலாளிகளுக்கே, 20 லட்சம் பவுனுக்கு மேல்.