காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும்: டெங்குவா, எலிக்காய்ச்சலா?

கேள்வி (குலசேகரத்திலிருந்து)

என் மைத்துனர் காலையில் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக்குப் போவார். அது முடிந்தபின் வாழைத்தோட்டங்களில் கால்வாய் தூர்வாரும் வேலைக்கும் போவார். நான்கு நாள்களுக்கு முன் குளிர்நடுக்கத்துடன் அவருக்குத் திடீரெனக் கடும் காய்ச்சல் தொடங்கியது. தலைவலியைக்கூடப் பொறுத்துக்கொள்கிறார், ஆனால் கெண்டைக்காலைத் தொட்டாலே அலறுகிறார். இரு கண்களும் சிவந்திருக்கின்றன. பீளையோ உறுத்தலோ இல்லை. இரத்தப் பரிசோதனையில் தட்டணுக்கள் 90,000 என்றும், டெங்கு வைரஸின் புரதமான என்எஸ்1 இல்லை என்றும் வந்தது. தட்டணு குறைந்திருப்பதால் இது டெங்குவாகத்தான் இருக்கும் என்று பக்கத்திலுள்ள மருத்துவமனையில் சொல்லி, இரண்டு நாள் கழித்து வரச் சொல்லிவிட்டார்கள். இன்று கண்ணின் வெள்ளையில் மஞ்சள் தெரிவதால் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தால் போதும் என்கிறார் மாமியார். எதை நம்புவது?

பதில் 1 (ஓய்வுபெற்ற ஆய்வக நுட்புநர், தக்கலை)

தட்டணுக் குறைவை மட்டும் வைத்து டெங்கு என்று முடிவு செய்ய இயலாது. எலிக்காய்ச்சலிலும் உண்ணிக்காய்ச்சலிலும் அவை குறையும். அதே அறிக்கையில் வெள்ளையணுக்களின் எண்ணிக்கையைப் பாருங்கள். டெங்குவில் அவை பெரும்பாலும் குறைந்தும், எலிக்காய்ச்சலில் பல வேளைகளில் கூடியும் இருக்கும். என்எஸ்1 இல்லை என்பதாலேயே டெங்குவை முற்றிலும் விலக்கிவிடவும் முடியாது. இன்னொன்று, எலிக்காய்ச்சலுக்கு எதிராக உடலில் உருவாகும் ஐஜிஎம் என்ற எதிர்ப்பொருளைத் தேடும் எலிசா பரிசோதனையில் முதல் சில நாள்களில் நோய் இருந்தும் தெரியாமல் போகக்கூடும், ஏனெனில் அந்த எதிர்ப்பொருள் உருவாக ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். ஆகவே இப்போது ‘இல்லை’ என்று வந்தாலும், சில நாள் கழித்து மீண்டும் இரத்தம் எடுக்கச் சொல்வார்கள்.

பதில் 2 (செவிலியர், நாகர்கோவில்)

கண்ணில் மஞ்சள் தெரிந்தபின் வீட்டில் வைத்திருக்காதீர்கள். கல்லீரலைத் தாக்கும் வழக்கமான வைரஸ் காமாலையில், மஞ்சள் தெரியும் நேரத்தில் பெரும்பாலும் காய்ச்சல் தணிந்திருக்கும். காய்ச்சலும் காமாலையும் சேர்ந்தே நிற்க, கெண்டைக்காலும் வலித்து, பீளையின்றிக் கண்ணும் சிவந்தால், முதலில் எலிக்காய்ச்சலைத்தான் சந்தேகிக்க வேண்டும். இதன் கடுமையான வடிவத்தை ஜெர்மன் மருத்துவர் அடால்ஃப் வைல் 1886-ஆம் ஆண்டிலேயே விவரித்திருக்கிறார். அது சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும், நுரையீரலில் இரத்தக்கசிவையும் உண்டாக்கும். கீழாநெல்லியைப் பழிப்பது என் நோக்கமன்று, ஆனால் இது பாக்டீரியாத் தொற்று. பென்சிலின், செஃப்ட்ரியாக்சோன், டாக்சிசைக்ளின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லிகளை மருத்துவர் மேற்பார்வையில் விரைவாகத் தொடங்குவதில்தான் உயிர் இருக்கிறது. கால்வலிக்கென்று வலிமாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள், அது சிறுநீரகத்தை மேலும் கெடுக்கும். சிறுநீர் குறைகிறதா, மூச்சு வாங்குகிறதா, இருமலில் இரத்தம் வருகிறதா என்று கவனித்துக்கொண்டே உடனே ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

பதில் 3 (தோட்ட மேற்பார்வையாளர், திருவட்டாறு)

செவிலியர் அம்மா சொன்னதோடு, மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்ல வேண்டியது அவர் செய்த வேலையைப் பற்றி. ‘காய்ச்சல், உடம்புவலி’ என்று மட்டும் சொன்னால் மழைக்காலத்தில் எல்லோர் மனமும் டெங்குவுக்குத்தான் போகும். ரப்பர் தோட்டங்களில் கவிழ்த்துவைக்காத சிரட்டைகளில் ஏடிஸ் கொசு பெருகுவதால் அந்தச் சந்தேகத்திலும் நியாயம் உண்டு. ஆனால் எலி, மாடு, நாய், பன்றி ஆகியவற்றின் சிறுநீர் கலந்த தேங்கிய நீரில் வெறுங்காலுடன் நின்றவருக்கு, காலிலுள்ள சிறு வெட்டுக்காயமோ ஊறிப்போன தோலோ எலிக்காய்ச்சலை உண்டாக்கும் லெப்டோஸ்பைரா பாக்டீரியா உள்ளே நுழையும் வழியாகிவிடுகிறது. நோய் வெளிப்பட 2 முதல் 30 நாள்கள் வரை ஆகலாம் என்பதால், நேற்று எங்கே போனார் என்பதோடு நிறுத்தாமல் கடந்த ஒரு மாதத்தில் எந்தெந்த நீரில் இறங்கினார் என்றும் கேட்டுச் சொல்லுங்கள்.

அத்துடன் அவருடைய அக்குள், தொடையிடுக்கு, அரைஞாண் கட்டும் இடம் ஆகியவற்றில் பீடிச்சூடு பட்டதுபோல் வலியில்லாத கரும்பொருக்கு இருக்கிறதா என்று பாருங்கள். அது உண்ணிக்காய்ச்சலின் அடையாளம். புதர் வெட்டுபவர்களுக்கு அந்நோயும் வரும். மறைவான இடமாகையால் நோயாளி கூச்சப்பட்டுச் சொல்லமாட்டார், பலருக்கு அந்தப் பொருக்கு தோன்றுவதும் இல்லை.

கேட்டவர்

ஆசாரிப்பள்ளத்தில் சேர்த்துவிட்டோம். பொருக்கு இல்லை. உள்ளங்காலில் மண்வெட்டி பட்ட காயம் இருந்ததையும், மூன்று வாரங்களுக்கு முன் கால்வாயில் இறங்கியதையும் சொன்னதும், பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் ஊசிமருந்தைத் தொடங்கினார்கள். வெள்ளையணுக்களும், சிறுநீரகம் பாதிக்கப்பட்டால் இரத்தத்தில் ஏறும் கிரியேட்டினினும் கூடியிருப்பதாகச் சொல்கிறார்கள். சிறுநீரை அளந்து குறித்துக்கொள்கிறார்கள். அவருடைய துணிகளைத் துவைத்த என் தங்கைக்கும் இது தொற்றுமா?

பதில் 2 (செவிலியர்)

மனிதரிலிருந்து மனிதருக்கு எலிக்காய்ச்சல் பரவுவது மிக அரிது. ஆனாலும் அவருடைய சிறுநீர் பட்ட துணியைக் கையுறையணிந்து துவைக்கச் சொல்லுங்கள். உங்கள் தங்கையைவிட, அதே கால்வாயில் அவருடன் இறங்கிய மற்றவர்களைப் பற்றித்தான் நான் கவலைப்படுகிறேன். அவர்களில் யாருக்கேனும் காய்ச்சல் வந்தால், கால்வாயில் இறங்கியதை முதல் நாளே மருத்துவரிடம் சொல்லச் சொல்லுங்கள்.