நகர்ப்படர்ச்சியா, நகர விரிவாக்கமா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

பதினோராம் வகுப்புச் சுற்றுச்சூழல் பாடமொன்றை வெள்ளிக்கிழமைக்குள் தமிழாக்கித் தர வேண்டும். 'அர்பன் ஸ்ப்ரால்' (நகரம் திட்டமின்றிப் புறத்தே பரவிக்கொண்டே போவது) என்பதற்கு 'நகர விரிவாக்கம்' என்று எழுதியிருந்தேன். சென்னைப் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் பற்றிய பத்தியில் அச்சொல் காலை வாரிவிட்டது. பழைய மாமல்லபுரம் சாலையை ஒட்டிக் கட்டடங்கள் நீள நீளமாய் எழும்ப, நீர்வழிகள் அடைபட, 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற அச்சதுப்புநிலம் தன் பழைய பரப்பில் சிறு பகுதியாகச் சுருங்கியதை 'ஆக்கம்' என்று எழுதக் கை வரவில்லை. 'நகர்ப்படர்ச்சி' பொருந்துமா?

மறுமொழி 1:

பொருந்தும், ஆனால் பகர ஒற்றை விட்டுவிடாதீர்கள். 'நகர்படர்ச்சி' என்றால் வினைத்தொகையாகி, நகர்கின்ற படர்ச்சி என்று பொருள்படும். இன்னொன்று: குறளின் 117ஆம் அதிகாரம் 'படர்மெலிந்திரங்கல்', அங்கே படர் என்பது துன்பம். சங்க நூல்களில் நகர் என்பது மாளிகையையும் குறிக்கும். ஆக, பழம்புலவர் ஒருவர் இதை 'மாளிகையின் துயரம்' என்றே படிப்பார். (அதுவும் தவறில்லை என்பீர்கள்.) அதைவிடப் 'பரவல்' எளிய சொல் அல்லவா?

மறுமொழி 2:

புள்ளியியலில் 'பரவல்' ஏற்கெனவே 'டிஸ்ட்ரிபியூஷன்' என்ற வேறு பொருளில் நிலைத்துவிட்டது. யாழ்ப்பாணத்தில் நாங்கள் அதையே 'பரம்பல்' என்போம். 'நகரப் பரம்பல்' என்றால் எங்கள் மாணவர்கள் நாட்டில் நகரங்கள் எங்கெங்கே அமைந்துள்ளன என்றே விளங்கிக்கொள்வார்கள். படர்ச்சிக்கே என் வாக்கு.

மறுமொழி 3:

எனக்கு உடன்பாடில்லை. கொடி தானாகப் படரும்; நகரம் அப்படியா? அந்தச் சாலையும் அதன் கணினி நிறுவன வளாகங்களும் அரசு வகுத்த திட்டத்தில் வந்தவை. அச்சதுப்புநிலத்தில் அமைந்த பெருங்குடிக் குப்பைக்கிடங்கும் விதை விழுந்து முளைத்ததன்று. தியாகராய நகர்கூட 1920களில் நீண்ட ஏரியை வற்றவைத்து, முறையாக மனை பிரித்து உண்டாக்கியதுதான். மாம்பலத்தில் இன்று 'லேக் வியூ ரோடு' என்ற பெயர் மட்டும் மிஞ்சியிருக்கிறது. ஏரியை விழுங்கியது திட்டமின்மை அன்று, திட்டமே. படர்ச்சி என்ற தன்வினை, செய்தவரை மறைக்கிறது. 'விரிவாக்கம்' அந்த வகையில் நேர்மையான சொல்.

மறுமொழி 4:

வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. பெரும்பாலோர் விருப்பப்படி 'நகர்ப்படர்ச்சி' என்றே அனுப்பிவிட்டேன். கடைசி மடலின் வாதத்தை மதித்து, பள்ளிக்கரணைப் பத்தியில் மட்டும் 'சதுப்புநிலம் சுருங்கியது' என்பதைச் 'சுருக்கப்பட்டது' என்று மாற்றினேன்.

மறுமொழி 5:

நன்றி. செயப்பாட்டுவினையிலும் செய்தவர் பெயர் வரவில்லை என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.