புதுப்பிப்பு: தளர்த்தி மருந்து இல்லாமல் டியூப் போட்ட கதை

போன வாரம் கேட்டிருந்தேன்: மயஸ்தீனியா கிராவிஸ் (தசைகள் பலவீனமாகும் நோய்) உள்ள 52 கிலோ பெண்மணி, தைமஸ் அகற்றும் அறுவை சிகிச்சை. தசைத் தளர்த்தி மருந்தே இல்லாமல் மூச்சுக்குழாயில் டியூப் போட என்ன டோஸ்? பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. நேற்று நல்லபடியாக முடிந்தது.

ஃபெண்டனில் என்ற வலி நிவாரணி 150 மைக்ரோகிராம் கொடுத்துவிட்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி முழுசாக நான்கு நிமிடம் காத்திருந்தேன். அதன் உச்ச விளைவு வர 3 முதல் 5 நிமிடம் ஆகும். இங்கே அவசரப்பட்டு, பிறகு மயக்க மருந்தான ப்ரொபஃபாலைக் கூட்டிக்கொண்டே போவதுதான் பலரும் செய்யும் தவறு என்று நினைக்கிறேன். அப்புறம் இருமலை அடக்க லிக்னோகெய்ன் 80 மில்லிகிராம், ப்ரொபஃபால் 130 மில்லிகிராம். முகமூடி வழியாக செவோஃப்ளூரேன் என்ற மயக்க வாயு கொடுத்து மயக்கத்தை ஆழமாக்கினேன்.

தொண்டைக்குள் பார்க்க உதவும் லாரிங்கோஸ்கோப்பை வைத்தபோது குரல்நாண்கள் நன்றாக விரிந்து, அசையாமல் இருந்தன. டியூப் உள்ளே போனதும் ஒரே ஒரு சிறு இருமல். அவ்வளவுதான்.

விலை கொடுக்காமல் இல்லை. சிஸ்டாலிக் (மேல்) ரத்த அழுத்தம் 82-க்கு இறங்கியது. அதை ஏற்ற, தயாராக வைத்திருந்த எஃபெட்ரின் 6 மில்லிகிராம், இரண்டு தடவை. வயதானவர்களுக்கும் இதய நோயாளிகளுக்கும் இதே டோஸை அப்படியே கொடுத்துவிடாதீர்கள்.

தசைத் தளர்த்தியான ரோகுரோனியமும், அதை முறிக்கும் சுகமடெக்ஸும் பக்கத்திலேயே இருந்தன, தேவைப்படவில்லை. அறுவை சிகிச்சை மேசையிலேயே டியூபை எடுத்தோம். இன்று காலை தானே எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தார்.